பற்றீஸ் இல்லாத கூட்டம்

எங்கள் பிள்ளைகள் படிக்கும் ஆரம்பப் பாடசாலையில் இருந்து வெள்ளிக்கிழமைதோறும் போனுக்கு ஒரு செய்திமடல் வரும். அந்தச் செய்திமடலில் யாருக்கும் ஒரு குறையும் இராது. கேக் விற்றதில் பெருமை, நூலகத்துக்குப் புதுக் கம்பளம் போட்டதில் மகிழ்ச்சி, மழையில் நனைந்து நடத்திய விளையாட்டுப் போட்டியில் பெருமகிழ்ச்சி. என் கணவர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. நான் ஒரு வரி விடாமல் வாசிப்பேன், வாசித்துவிட்டு எரிச்சல்படுவேன்.

கடைசியில் நீலப் பெட்டிக்குள் எப்போதும் ஒரே வாசகம். எந்தப் பின்னணியில் இருந்து வந்த பிள்ளையானாலும் அதற்குத் தேவையானது கிடைக்கச் செய்வோம் என்று. இதற்கு அவர்கள் ஈக்குவிட்டி என்று பேர் வைத்திருக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே அளவில் சப்பாத்துக் கொடுப்பதல்ல, அவரவர் காலுக்கு அளவான சப்பாத்தைக் கொடுப்பது என்று தலைமை ஆசிரியை ஒருமுறை விளக்கினார். நல்ல விளக்கம்தான். நல்ல மனுசியும்கூட. எந்தக் குளிரிலும் காலையில் வாசலில் நின்று பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார், எங்கள் நீளமான பேர்களையும் கொல்லாமல் சொல்லப் பழகியிருந்தார்.

லண்டனில் நாங்கள் இருக்கும் மிச்சம் (Mitcham) பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் அதிகம் என்பதால் பள்ளித் தவணைக்கு ஒருமுறை எங்களுக்கென்று ஒரு தேநீர்க் கூட்டம் வைப்பார்கள். நாங்கள் பேச வேண்டும், அவர்கள் கேட்பார்கள். அதுதான் ஏற்பாடு. எங்கேயும் வெறுங்கையோடு போய்ப் பழக்கமில்லாத நாங்கள் வடை, றோல்ஸ், கேசரி என்று சுமந்துகொண்டு போவோம். மண்டபத்துக்குள் ஒரு சின்னக் கலியாண வீட்டு வாசம் அடிக்கும்.

தலைமை ஆசிரியை பேனாவை எடுத்துக்கொண்டு, "நாங்கள் இன்னும் எதைச் சரியாகச் செய்யலாம்?" என்று கேட்பார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். பிறகு யாராவது, "எல்லாம் நல்லது, மிக்க நன்றி" என்பார். மற்றவர்கள் தலையாட்டுவோம். அவர் இன்னொரு முறை கேட்பார். நாங்கள் இன்னொரு வடையை அவர் தட்டில் வைப்போம்.

உண்மையான கூட்டம் அதற்குப் பிறகு பஸ் தரிப்பிடத்தில் நடக்கும். பாடசாலைக் கதவு சாத்தியதுதான் தாமதம், எல்லாரும் பொரிந்து தள்ளுவார்கள். மதியச் சாப்பாடு ஆறிப்போய் இருக்கிறதாம், பிள்ளையைப் பின் வரிசை வாங்கிலேயே இருத்துகிறார்களாம், பெற்றோர் சந்திப்பு நேரமெல்லாம் இரவு ஷிப்ட்காரர் எழும்புவதற்குள் முடிந்துவிடுகிறதாம். பஸ் வந்தாலும் ஏற மாட்டோம். அந்தத் தரிப்பிடத்துக் கண்ணாடிக்குக் காது இருந்திருந்தால் பாடசாலை எப்போதோ திருந்தியிருக்கும்.

அங்கேதான், நாங்கள் எல்லாரும் அக்கா என்றே கூப்பிடும் ஒரு தாயின் கதையும் எனக்குத் தெரியவந்தது. அக்கா மன்னார்ப் பக்கம். பிரான்சில் பல காலம் இருந்துவிட்டுக் குடும்பத்தோடு லண்டன் வந்தவர். பின்னேரத்தில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. உள்ளே கறி வைத்து அவர் பொரித்துக்கொண்டு வரும் பற்றீஸ் எங்கள் கூட்டத்தில் பேர் போனது, தலைமை ஆசிரியையே கண்ணால் தேடுவார்.

மகள் இங்கே சேர்ந்தபோது அவளுக்குப் பிரெஞ்சும் தமிழும்தான் தெரியும். ஆகவே மற்றப் பிள்ளைகள் கணக்குப் படிக்கும் நேரத்தில் அவளைப் பக்கத்துச் சின்ன அறைக்குக் கூட்டிப்போய் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார்கள். அப்போது அது தேவையாகத்தான் இருந்தது. அக்கா கையெடுத்துக் கும்பிடாத குறை. ஆனால் இப்போது அந்தப் பிள்ளை பஸ்ஸில் தம்பியோடு சண்டை பிடிக்கிற ஆங்கிலத்தை நான் கேட்டிருக்கிறேன். வங்கிக்கும் கவுன்சிலுக்கும் தாய்க்காகப் பேசுபவளும் அவள்தான். இருந்தும் கணக்கு நேரம் வந்ததும் அவளை எழுப்பிச் சின்ன அறைக்கு அனுப்புவது நிற்கவில்லை. அங்கே புதிதாக வந்த குஞ்சுகளோடு மிருகங்களின் படத்துக்கு நிறம் தீட்டுவாள்.

"இண்டைக்கும் ஆமைதானாம்," என்று அக்கா ஒருநாள் சொன்னார். "அடுத்த வருசம் பெரிய பள்ளிக்கூடம், தங்கச்சி. கணக்குத் தெரியாத பிள்ளையெண்டு கடைசி வகுப்பில கொண்டுபோய்ப் போட்டா, பிறகு ஆர் அவளைத் தூக்கி விடுறது? பிரான்சில கணக்கெண்டா உயிரை விடுவாள்."

"நான் போய்க் கதைக்கட்டே அக்கா?"

"ஐயோ, வேண்டாம். ரீச்சரைக் குறை சொன்னா என்ர பிள்ளையின்ர தலையிலதான் விடியும். நீர் ஒண்டும் சொல்லாதையும்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தப் பயத்தை நான் அறிவேன். ஆசிரியர் முன்னால் எழுந்து நிற்கவும், சொன்னதற்குத் தலையாட்டவும் பழகி வளர்ந்தவர்கள் நாங்கள். எங்களுக்கு அது மரியாதை. இந்த ஊரில் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களிலும் பிழை சொல்ல ஏலாது, கேட்டபோதெல்லாம் எல்லாம் நல்லது என்றுதானே சொன்னோம்.

அந்தத் தவணைக் கூட்டம் முடிந்த வெள்ளிக்கிழமை செய்திமடலைத் திறந்தேன். நடுவில் பெரிய படம். அக்கா பற்றீஸ் தட்டைப் பிடித்துக்கொண்டு வெட்கத்தோடு சிரிக்கிறார். கீழே, எங்கள் தமிழ்ப் பெற்றோர் பாடசாலையின் ஆதரவில் மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தது. அதற்கும் கீழே, புதிதாக ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளுக்கான சின்ன அறையைப் பற்றி ஒரு நீண்ட புகழாரம்.

அன்று அக்காவுக்கு வேலை இல்லை, பின்னேரம் பாடசாலை வாசலில் அவருக்கு அதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். படத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"எனக்குச் சந்தோசமாமோ?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா. அப்பிடித்தான் போட்டிருக்கு."

அக்கா மகளின் புத்தகப் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, பஸ் தரிப்பிடத்தையும் தாண்டி நடந்தே போனார்.

அடுத்த தவணைக் கூட்டத்துக்கு நாங்கள் வழக்கம்போலச் சாப்பாட்டுப் பெட்டிகளோடு போனோம். அக்கா மட்டும் கையை வீசிக்கொண்டு வந்தார். பாடசாலை அலுவலகத்தில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே, "இன்று பற்றீஸ் இல்லையா?" என்று கேட்டார். அக்கா இல்லை என்று தலையாட்டினார்.

"என்ன அக்கா, சுகமில்லையோ?" என்று காதோடு கேட்டேன்.

"சுகமாத்தான் இருக்கிறன். தட்டைக் குடுத்தா பிறகு உபசரிக்கத்தான் வாய் வரும், குறை சொல்ல வராது. அதுதான் விட்டிட்டு வந்தனான்."

தலைமை ஆசிரியை பேனாவை எடுத்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டார். எல்லாம் நல்லது என்று சொல்ல ஒருவர் வாயெடுத்தார், அதற்குள் அக்கா எழுந்துவிட்டார். மொழிபெயர்க்க நானும் எழும்பினேன்.

"நீர் இரும்," என்றார். "பிழைச்சாத் திருத்தும்."

அவருடைய ஆங்கிலம் துண்டு துண்டாக வந்தது, ஒவ்வொரு துண்டும் விளங்கியது. என் மகளுக்கு இப்போது ஆங்கிலம் தெரியும். இன்னும் சின்ன அறை. கணக்கு இல்லை. ஒவ்வொரு நாளும் ஆமை. அந்தச் சப்பாத்து நல்லது, ஆனால் பிள்ளையின் கால் வளர்ந்துவிட்டது. எனக்குச் சந்தோசம் இல்லை.

தலைமை ஆசிரியையின் முகம் சிவந்தது. இதைச் சொன்னதற்கு நன்றி, கட்டாயம் கவனிக்கிறோம் என்றார். இந்த நாட்டில் அந்த வசனத்தோடு எல்லாரும் உட்கார்ந்துவிடுவார்கள். அக்கா உட்காரவில்லை.

"எப்போது?" என்று கேட்டார்.

தலைமை ஆசிரியை பேனாவை மூடி வைத்தார். "திங்கட்கிழமை," என்றார். "இதை நாங்களாகவே பார்த்திருக்க வேண்டும்."

அதற்குப் பிறகுதான் மற்ற வாய்களும் திறந்தன. ஆறிய சாப்பாடு, பின் வரிசை வாங்கு, ஷிப்ட் நேரம் எல்லாம் முதல்முறையாக மண்டபத்துக்குள்ளேயே வந்து விழுந்தன. அன்று பஸ் தரிப்பிடத்தில் பேச ஒன்றும் மிஞ்சவில்லை. முதல் பஸ்ஸிலேயே ஏறினோம்.

அந்த வாரச் செய்திமடலில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தோட்டத்தில் நட்ட பூச்செடிகளின் படம் வந்திருந்தது. நான் வழக்கம்போல எரிச்சல்பட்டேன்.

திங்கட்கிழமை பின்னேரம் வாசலில் அக்காவோடு நின்றேன். வேலைக்குப் பிந்தி வருவதாக அவர் நேரத்தோடு சொல்லிவிட்டு வந்திருந்தார். பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஒரு தாளை நீட்டி, "பாதிக்கு மேலே பிழை, அம்மா. எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை," என்று ஆங்கிலத்தில் சொல்லி அழத் தொடங்கினாள்.

அக்கா அவளை அணைத்துக்கொண்டு அந்தத் தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அவள் தலைக்கு மேலால் என்னைப் பார்த்தபோது அவர் கண்ணும் நிறைந்திருந்தது, ஆனால் சிரித்தார்.

"பாரும் தங்கச்சி," என்றார். "பிழை விடுறதுக்கெண்டாலும் என்ர பிள்ளைக்கு ஒரு கணக்குக் குடுத்திருக்கினம்."