முருகனுக்கு நேர்ந்த எடை

என் தாய்மாமா பலவேசம் தென்காசி வெல்ல மண்டியில் எடை போடுபவர். தட்டில் கடைசிக் கட்டியை வைத்ததும் இரண்டடி பின்னால் நகர்ந்து, கைகளை முதுகுக்குப் பின்னே கட்டிக்கொள்வார். முள் நிற்கும்வரை மூச்சுகூட விடமாட்டார். சிறுவயதிலிருந்தே நான் பார்த்துவந்த வழக்கம் அது.

1934இல் அவர் முதுகில் ராஜபிளவை வந்தது. அப்போது அவர் இருநூற்றுப் பத்து ராத்தல் இருந்தார். கட்டியை அறுத்த டாக்டர், அவருடைய சிறுநீரை ஒரு நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார். அது செங்கல் நிறமாக மாறியது. நீரிழிவு என்றார். ஆவுடைத்தாய் அத்தை, புருஷன் பிழைத்தால் எடைக்கு எடை வெல்லம் துலாபாரம் கொடுப்பதாக இலஞ்சி முருகனுக்கு நேர்ந்துகொண்டாள்.

மாமா பிழைத்தார். தொந்தி கரைந்தால் நோயும் அடங்கும் என்று டாக்டர் சொன்னதை நான்தான் அவருக்கு விளக்கினேன். சோறு பாதியானது. விடியலில் குற்றாலம் வரை நடந்து, அருவியில் குளித்து, நடந்தே திரும்புவார். ஒன்பது மாதத்தில் நூற்றறுபது ராத்தலுக்கு வந்தார். நீல மருந்து காய்ச்சிய பிறகும் நீலமாகவே இருந்தது. அத்தை துலாபாரத்துக்கு நாள் பார்த்தாள்.

மாமா மறுத்துவிட்டார். நேர்ந்த அன்றைக்கு இருந்த எடையில் ஐம்பது ராத்தலைக் குறைப்பது சாமிக்கே கள்ள எடை போடுவது என்றார். மிச்ச வெல்லத்தைத் தனியாகக் கொடுக்கலாமே என்றேன்.

"தட்டுக்கு வெளிய வைக்கது எடையில்ல, மருமவனே."

அவர் உட்காரும் தட்டில் ஐம்பது ராத்தல் கல்லையும் சேர்த்து வைக்கலாம் என்றேன்.

"கல்லுக்கா ஒங்க அத்தை நேந்தா? இந்தத் திருட்டச் சொல்லித் தரத்தான் பி.ஏ. படிப்பா?"

எங்கள் குடும்பத்தில் முதல் பி.ஏ. நான்.

அன்றிலிருந்து மாமா தின்னத் தொடங்கினார். நெய்ச்சோறு, அதிரசம், இரவில் பாலும் பழமும். நடையை விட்டார். ஞாயிறுதோறும் மண்டித் தராசில் தன்னையே நிறுத்துப் பார்த்தார். நூற்றெழுபத்தைந்து. நூற்றுத் தொண்ணூறு. அண்ணாச்சி பழையபடி ஆகிவிட்டார் என்று மண்டியில் எல்லாருக்கும் சந்தோஷம். நான் சிறுநீரை டாக்டரிடம் கொண்டுபோனேன். மறுபடியும் செங்கல் நிறம். மாமாவிடம் கெஞ்சினேன்.

"இன்னும் இருவது ராத்தல்தாம்லே. நேர்ச்சய முடிச்சிட்டு நீ சொல்லுதபடி கேக்கேன்."

இருநூற்று நான்கில் எடை நின்றது. பிறகு எவ்வளவு தின்றும் இறங்கியது. முற்றிய நோய் இனி உடம்பைத்தான் தின்னும் என்றார் டாக்டர். இறங்க இறங்க மாமா இன்னும் அதிகமாகத் தின்றார். ஓயாத தாகம். காலில் புண் வந்து ஆறவில்லை. சித்திரையில் இறந்துபோனார்.

பதினாறு கழிந்ததும், எந்த எடைக்கு வெல்லம் கொடுப்பது என்று கேட்க அத்தையோடு இலஞ்சிக்குப் போனேன். தட்டில் ஏறும் நாளில் என்ன எடையோ அதுதான் கணக்கு, எப்போதும் அப்படித்தான் என்றார் அர்ச்சகர். ஆள் இல்லாமல் துலாபாரம் கிடையாது என்றும் சொன்னார். டாக்டரிடம் பத்துத் தடவை ஓடிய எனக்கு, இந்த அர்ச்சகரிடம் ஒரு தடவை கேட்கத் தோன்றவில்லை.

அத்தையின் நேர்த்திக்கடன் அப்படியே நிற்கிறது.