எண்பத்தெட்டில் கொதிக்கும் தண்ணீர்

மெழுகுப் பாளத்தைக் கத்திக்குக் கொடுக்குமுன் எலோதியா கொல்கே அதன்மேல் வாயால் ஒருமுறை ஊதுவாள். பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றுவாள். பாளத்துக்குள் இருப்பது யாரோ ஒருவருடைய சதை. அது பாலாடையைவிட மெல்லிய ஏடாக வெந்நீரில் மிதந்த பிறகுதான் மூச்சு வெளியே வரும்.

மலைமேல் இருக்கும் லா பாஸ் நகரில் ஓர் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருபத்தாறு வருடமாக இதே வேலை. அகலப் பாவாடைக்கு மேல் வெள்ளைக் கோட்டு, பொத்தான் போடமாட்டாள். நோயாளிகளை அவள் பார்ப்பதில்லை, துண்டுகளோடுதான் பேச்சு. "கொஞ்சம் நகருங்க, கல்லீரல் ஐயா" என்று தட்டைத் தள்ளி வைப்பாள்.

காற்று மெலிந்த இந்த உயரத்தில், மற்ற ஊர்களில் அபூர்வமான ஒரு கட்டி அடிக்கடி வரும்; காதுக்குக் கீழே, மண்டையோட்டின் அடியில். மினிபஸ் ஓட்டும் கிரிசோலோகோவுக்கு வந்தது அதுதான். தன் நாடியே காதுக்குள் இரைகிறது என்றார். அறுத்தெடுத்தும் திரும்ப வளர்ந்து, இம்முறை ரத்தக் குழாயைச் சுற்றிக்கொண்டது. இனிக் கத்தி வைக்க முடியாது. மிச்சம் இருப்பது ஒரு மருந்துச் சோதனை. கட்டிக்குள் உடம்பின் காவல் செல்கள் புகுந்திருந்தால்தான் அதில் சேர்ப்பார்கள்.

எலோதியா விடுப்பில் இருந்த வாரம், புதிதாக வந்த டாக்டர் அனிபால் அதைக் கண்டறியும் சாயச் சோதனையைத் தானே செய்தார். வெளிநாட்டுக் குறிப்பில் சொன்னபடி, கட்டியின் ஏடு ஒட்டிய கண்ணாடித் தகட்டை இருபது நிமிடம் கொதிநீரில் வைத்தார். காவல் செல் இருந்தால் பழுப்பாகத் தெரிய வேண்டும். ஒன்றுமே தெரியவில்லை. எலோதியா வேலைக்குத் திரும்பியதும் அவளிடம் சொன்னார்.

"பட்டினி கிடக்கற கட்டி தன்னையே செரிச்சுத் தின்னு பிழைக்குது, எலோதியாம்மா. காவல் செல்லை உள்ளயும் விடறதில்ல. என் ஆராய்ச்சியிலயும் அப்படித்தான் வருது. 'இல்லை'ன்னு எழுதிடறேன்."

"தின்னுட்டுப் போகட்டும். சரிபார்க்கன்னு கூட வெச்ச டான்சில் துண்டு எப்படி இருக்கு, டாக்டர் தம்பி?"

"அதுவும் வெளுப்புதான்..."

"டான்சில்ல காவல் செல் இல்லியா? போலீஸ் ஸ்டேஷன்ல போலீசே இல்லேன்னு எழுதுவீங்களா? உங்களுக்கு எந்த ஊரு?"

"சாந்தா குரூஸ்."

"சமவெளி! அங்க தண்ணி நூறுல கொதிக்கும். இங்க எண்பத்தெட்டுலயே குதிக்கும், ஆனா ஒண்ணும் வேகாது. வேகாத சதையில சாயம் பிடிக்காது. வீட்டுல பீன்ஸ் எப்படி வேக வைக்கிறீங்க?"

"நான் கடையிலதான் சாப்பிடறேன்."

"அது தெரியுது."

கிரிசோலோகோவின் பாளத்தில் இன்னும் ஓர் ஏட்டுக்குத்தான் சதை மீதி இருந்தது. டாக்டர் சுவரோடு ஒட்டி நின்றார். எலோதியா ஊதினாள், சுற்றினாள். ஏடு கிழியாமல் விழுந்தது. மூடி நசுங்கிய தன் பிரஷர் குக்கரில் டான்சிலையும் அதையும் சேர்த்து வைத்து, ஆவி சீறும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

சாயம் ஏறி முடிந்ததும் டாக்டர் டான்சிலை முதலில் பார்த்தார். பழுப்பு அப்பியிருந்தது. அடுத்த தகட்டை வைத்தவர், குனியாமல் விலகிக்கொண்டார்.

"நீங்களே பாருங்கம்மா."

எலோதியா செல்களை எண்ணும் கருவியை வலது கையில் எடுத்துக்கொண்டு குனிந்தாள்.

"இருக்கா?"

கட்டைவிரல் ஒருமுறை அழுந்தியது. டக். வெகுநேரம் கழித்து இன்னொன்று. பிறகு டக், டக், டக் என்று இடைவெளி இல்லாமல்.

"அம்மா, எவ்வளவு..."

கண்ணை எடுக்காமலே அவள் இடது கையைப் பின்னால் நீட்டி, பேசாதே என்று விரித்துக் காட்டினாள்.