சத்தம் வைத்துக்கொடுத்த லேண்டிங்

1. வராத சத்தத்துக்கு வந்த புகார்

ஃப்ளோரிங் வேலையில் வருகிற புகார் பெரும்பாலும் சத்தத்தைப் பற்றித்தான். "நடந்தா டொக்கு டொக்குங்குது", "யாரோ கதவத் தட்ற மாதிரி கீது" என்பார்கள். வினைல் பலகையோ லேமினேட்டோ, அடியில் இடைவெளி இருந்தால் அப்படித்தான் பேசும். தொழிலில் அதற்கு ஹாலோ சவுண்டு என்று பெயர். அது வராமல் போடுகிறவன்தான் வேலைக்காரன். நான் அப்படிப் போடுகிறவன் என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. அதனால் எனக்கு வேலை கொடுக்கிற மண்ணூர்பேட்டை ஃப்ளோரிங் கடை முதலாளி சேகர் அன்று காலை போனில் சொன்னது முதலில் எனக்கு விளங்கவில்லை.

"பாய், சேக்காட்டு ஊட்ல மாடிப்படி போட்டியே, கம்ப்ளைண்டு வந்துகீது."

"இன்னா, சத்தம் வருதாமா?"

"இல்ல. சத்தமே வர்லியாம்."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அந்தம்மா போன்ல அழுவுது. போய் இன்னான்னு பாரு."

2. தங்கையா சாரின் காது

அது சின்ன வீடு. கீழே வண்டி நிறுத்த இடமும் ஒரு அறையும். சமையல், ஹால் எல்லாம் மேலே. கீழறையில் இருந்தவர் தங்கையா சார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஆவடியில் டிபன்ஸ் ஃபேக்டரி மெஷின் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோய் அவர் கண்ணை வாங்கிக்கொண்டது, பிறகு ஒரு பாதத்தில் பாதியையும். மாடி ஏற முடியாது. மனைவி ஜெயா அக்காவும் மகளும் மேலே. மொசைக் படியில் அக்கா ஒருநாள் வழுக்கி விழுந்து இடுப்பில் நல்ல அடி. அதனால்தான் படிக்கு வினைல் போட என்னைக் கூப்பிட்டார்கள்.

படிக்கட்டு வேலைக்கு நான் தனியாகத்தான் போவேன். இரண்டு பேர் நின்றால் இடிக்கும். பசை வாடைக்குப் பயந்து வீட்டுக்காரர்களும் வெளியே போய்விடுவார்கள். நாள் முழுக்கப் பேச ஆளிருக்காது. பழகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்வேன், பழகவில்லை. இந்த வீட்டிலும் அக்காவும் மகளும் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆனால் கீழறையிலிருந்து சார் கூப்பிட்டார்.

"பாய், இடது முட்டியில என்ன கோளாறு? காலை இழுத்துல்லா வைக்கீரு."

"உங்களுக்கு யார் சார் சொன்னது?"

"நீருதான் சொல்லுதீரு, ஏறும்போதும் இறங்கும்போதும்."

மெஷின் ஓடுகிற இரைச்சலில் எந்த பேரிங் போயிற்று என்று கண்டுபிடித்த காது அது. முட்டி போட்டே பிழைக்கிறவனுக்கு முட்டி போகத்தான் செய்யும். ஆனால் என் மனைவி இறந்த பிறகு ஒருவர் அதைக் கேட்டது அன்றுதான்.

அந்த வேலையை மனசு வைத்துச் செய்தேன். கால் வைக்கிற ட்ரெட், நிமிர்ந்து நிற்கிற ரைசர் இரண்டுக்கும் அடியில் சத்தம் விழுங்குகிற ஃபோம் ஒட்டிய வினைல் பலகை, முழுப் பசை, விளிம்பில் வழுக்காத நோசிங் பட்டை. படி திரும்புகிற லேண்டிங்கிலும் அதுவே. அக்கா ஏறி இறங்கிப் பார்த்து, "பூனை நடக்க மாதிரி இருக்கு பாய்" என்றார். பெருமையோடு பஸ் ஏறினேன்.

3. கடைசிப் படி

புகாருக்காக நான் போனபோது, சார் கடைசிப் படியில் உட்கார்ந்து உள்ளங்கையை அடுத்த படிமேல் வைத்திருந்தார். யாராவது இறங்கினால் அதிர்வு கைக்குத் தெரிகிறதா என்று பார்க்கிறாராம். முந்தின நாள் மகள் கொதிக்கிற ரசத்தோடு இறங்கி வந்து, அவர்மேல் இடறி விழப் பார்த்திருக்கிறாள்.

"சொன்னா கேக்க மாட்டேங்காரு" என்றார் அக்கா. "நிமிசத்துக்கு நிமிசம் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுதாரு. மேலதான் இருக்கேன்னு கத்திக் கத்தித் தொண்டை போச்சு. எல்லாத்தையும் பேத்து எடுத்துருங்க பாய்."

"பேத்தா நீ மறுபடியும் விழுவ" என்றார் சார். பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "முன்னால அவ அடுப்படிக்குப் போறது, மவ ஆபீஸ் விட்டு வாரது, கோவமா வாராளா சும்மா வாராளா, எல்லாம் படி சொல்லிரும். நானும் மேல அவங்ககூட இருந்த மாதிரி. இப்போ வீட்டுல ஆள் இருக்கா இல்லையான்னே தெரியல. கண்ணு போனப்போகூட இப்படி இல்லவே."

பூந்தமல்லியில் நான் இருப்பது ஒரு மாடி அறை. மகன் துபாயில். நான் படியேறுகிற சத்தத்துக்கு யாரும் காத்திருப்பதில்லை. காத்திருக்கிற ஒரு மனிதருக்குப் போக வேண்டிய சத்தத்தை நான் ஃபோம் வைத்து மூடியிருக்கிறேன். பையிலிருந்து உளியை எடுத்தேன்.

4. வேண்டுமென்றே

லேண்டிங் அவர் அறைக்கு நேர் மேலே இருந்தது. படிகளை விட்டுவிட்டு அதை மட்டும் பிரித்தேன். அங்கே மேல்பக்கம் சொரசொரப்பான லேமினேட் பலகையை ஃபோம் இல்லாமல் போட்டேன். ஈரம் ஏறாமலிருக்க மெல்லிய பாலிதீன் ஷீட் மட்டும். பசை கிடையாது, ஒன்றோடொன்று கிளிக் செய்து சும்மா கிடக்க விட்டேன். மொசைக்கில் லேசான பள்ளம் ஒன்று இருந்தது. எப்போதும் அதை அடைத்து லெவல் செய்வேன். இந்த முறை கை அங்கே போனது, இழுத்துக்கொண்டேன்.

உயரத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. லேண்டிங் கொஞ்சம் தூக்கினாலும் கால் தட்டும், அக்கா மறுபடி விழுவார். திரும்பத் திரும்ப அளந்தேன். பழைய பலகை இருந்த உயரத்துக்கே லேமினேட்டும் வந்தது.

அக்காவை ஏறச் சொன்னேன். டொக், டொக்.

"அது அவ" என்றது கீழறையிலிருந்து சார் குரல்.

மகள் இறங்கினாள்.

"மவ. செருப்போட வாரா, கழட்டச் சொல்லு."

அக்கா லேண்டிங்கிலேயே நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் உளியைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

சாயங்காலம் சேகர் வந்து காலால் தட்டிப் பார்த்தார். "இன்னா பாய், ஹாலோ அட்சிகினு கீது. இது நீ போட்டதா?"

"நான்தான் நைனா. யாராச்சும் கேட்டா என் பேரையே சொல்லு."

அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

5. இப்போது

எந்த வீட்டுக்கு அளவெடுக்கப் போனாலும், டேப்பை எடுக்குமுன் படிக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களும் கேளுங்கள். வீட்டுக்காரருக்கு எந்தச் சத்தம் வேண்டாம் என்று கேட்கத் தெரிந்த நமக்கு, எந்தச் சத்தம் வேண்டும் என்று கேட்கத் தோன்றுவதில்லை.

போன மாதம் ஆவடியில் வேலை முடிந்து சேக்காட்டுக்குப் போனேன். நோசிங் தேய்ந்திருக்கிறதா பார்க்கிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் படியேறினேன். உண்மையில் பார்க்க ஒன்றுமில்லை. லேண்டிங்கில் கால் வைத்ததும் கீழிருந்து கேட்டது:

"பாயா? வலது முட்டியும் போச்சாவே?"

வலது முட்டி வலிக்க ஆரம்பித்துக் கொஞ்ச நாளாகியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வீட்டில் யாரும் இல்லை.

"ஆமா சார்" என்றேன்.

"அங்க நின்னு என்ன செய்யுதீரு? இறங்கி வாரும். காப்பி வரும்."

இறங்கிப் போய் அவர் கட்டிலில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே டொக், டொக் என்று அக்கா எங்கள் இருவருக்கும் காப்பியோடு வந்துகொண்டிருந்தார்.