ஆடிக்கு ஊருக்குப் போகும் வழி

ஊரிலிருந்து கப்பலேறி எங்கள் வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் அவர்களுக்குப் புத்தி சொல்லும் பொறுப்பை நான்தான் எடுத்துக்கொள்வேன். யாரும் கொடுத்த பொறுப்பில்லை. எட்டு வயதில் எனக்கு அப்படியொரு வாய். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்காரர்களுக்கென்று கட்டிவிட்டிருந்த வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. அப்பா, அம்மா, சித்தப்பா எல்லாரும் எங்கிருந்தோ வந்தவர்கள், நான் ஒருத்திதான் இந்த மண்ணிலேயே பிறந்தவள் என்கிற திமிர் வேறு. அப்பாவுக்கு அது வேடிக்கையாக இருக்கும். வந்தவர் டிரங்குப் பெட்டியை இறக்கிவைத்து மூச்சு வாங்குவதற்குள், "எதுவா இருந்தாலும் எம் மவகிட்ட கேட்டுக்கங்க, அவதான் இந்த ஊரு கவர்னரு" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் புறப்பட்டுவிடுவார்.

கவர்னர் சும்மா இருப்பாளா? ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்த பிறகு கூலி பேசாதே, கால் தரையில் இருக்கும்போதே பேசிவிடு என்பேன். தோளில் கம்பு வைத்து இரண்டு பக்கமும் கூடை தொங்கவிட்டுக் காய்கறி கொண்டுவரும் சீனர் என்ன விலை சொன்னாலும், அது நியாயமான விலையாகவே இருந்தாலும், முகத்தைச் சுளித்து 'மஹால்' என்று சொல்லவேண்டும். விலை ஜாஸ்தி என்று அர்த்தம். அவர் கூடையைத் தூக்குவார், தூக்கட்டும். நீ உள்ளே போவதுபோல் திரும்பு, அவரே கூப்பிடுவார். டுரியான் பழம் விற்கிற இடத்தில் மூக்கைப் பொத்தினால் விற்பவருக்குக் கோபம் வரும், அதனால் மூச்சை அடக்கிக்கொண்டு நட. காலையில் வெயில் மண்டையைப் பிளந்தாலும் மத்தியானத்துக்கு மேல் மழை நிச்சயம், குடையில்லாமல் வெளியே போகாதே. வழி தவறிப்போனால் மட்டும் அழவே கூடாது. மலாய்க்காரரோ சீனரோ தலைப்பாகைப் போலீசோ, யாரைப் பார்த்தாலும் 'கிரித்தாப்பி' என்று சொல். மலாயில் ரயிலுக்கு அதுதான் பேர். உடனே ஸ்டேஷனைக் கைகாட்டுவார்கள். ஸ்டேஷன் வந்துவிட்டால் எங்கள் வீடு கூப்பிடு தூரம்தான். இவற்றில் பாதி அம்மா பட்டுத் தெரிந்துகொண்டவை. மீதியை நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

சித்தப்பா ரயில் எஞ்சினில் கரி அள்ளிப்போடும் வேலையில் இருந்தார். லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போய், தையில் கல்யாணம் முடித்து, சித்திரையில் சித்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். புதிதாக வருகிறவர்களை நோய்நொடி இருக்கிறதா என்று பார்க்கத் துறைமுகத்துப் பக்கம் ஒரு முகாமில் அடைத்துவைத்து, பிறகுதான் வெளியே விடுவார்கள். அப்பாவும் நானும் ரயிலில் போய் அழைத்துவந்தோம். சித்திக்குப் பதினேழு வயது இருக்கும். முகாமில் தெளித்த மருந்து வாடை சேலையில் அப்படியே இருந்தது. ரயிலில் ஏறியதும் நான் பாடத்தை ஆரம்பித்துவிட்டேன். இவ்வளவு நல்ல மாணவி எனக்கு அதற்கு முன்னும் வாய்த்ததில்லை, பின்னும் வாய்த்ததில்லை. மற்றவர்கள் எல்லாரும் "சரி பாப்பா, சரி பாப்பா" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். சித்தி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்ப்பாள். தப்பாக வந்தால் மறுபடி சொல்வாள்.

ஒரு மாதத்துக்குள் காய்கறிக்காரர் சித்தியைக் கண்டாலே பயப்பட ஆரம்பித்துவிட்டார். கோழிப்படம் போட்ட சீனக் கிண்ணம் ஒன்றை அவள் பேரம் பேசி வாங்கிய அழகைப் பார்த்து அம்மாவே வாயைப் பிளந்தாள். சித்தி அந்தக் கிண்ணத்தைப் புழக்கத்துக்கு எடுக்கவில்லை. துணியில் சுற்றித் தன் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

ஆனி மாதக் கடைசியில் ஒருநாள் அம்மா முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சித்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அக்கா, ஆடி பொறக்கப்போவுதே, என்னைய அழைக்க எங்க வீட்டுலேர்ந்து யாரு வருவாங்க?" என்று கேட்டாள்.

அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அடி பைத்தியமே, அத்தன நாளு கப்பல்ல மெதந்து வந்தியே, பக்கத்து ஊருக்கு வாக்கப்பட்டு வந்திருக்கோம்னா நெனச்சே?" என்றாள். புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டார் வந்து அழைத்துப்போவது ஊரில் தவறாத வழக்கம். மலாயாவில் அதையெல்லாம் யார் நினைத்துக்கொண்டிருந்தார்கள்? அன்று சாயங்காலத்துக்குள் வரிசை வீடு முழுக்கச் செய்தி பரவிச் சிரிப்பாய்ச் சிரித்தது. பொல்லாத சிரிப்பில்லை. சிரித்த பெண்களெல்லாம் அதேபோல் கப்பலேறி வந்தவர்கள்தான். அவர்களும் முதல் வருஷம் மனசுக்குள் கேட்டுப் பார்த்திருப்பார்கள், வாய்விட்டுக் கேட்கத்தான் தைரியம் வந்திருக்காது. சித்தப்பாவும் தன்மையாகத்தான் சொன்னார்: "மூணு நாலு வருசத்துல லீவு குடுப்பாங்க, அப்ப ரெண்டு பேருமா போவோம்."

சித்தியும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் அவளுடைய சங்கடம் வேறு. ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று அவள் அம்மா மாட்டுவண்டியின் பின்னாலேயே நடந்துவந்து, "ஆடிக்கு வந்துருடி" என்றாளாம். இவளும் "வந்துர்றேம்மா" என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாள். மலாயா எவ்வளவு தூரம் என்று தாய்க்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. ஆடி பிறந்தால் அந்த அம்மா பலகாரம் சுட்டு வைத்துக்கொண்டு வண்டிப்பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்த நினைப்பு சித்தியை அரித்துக்கொண்டே இருந்தது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சொன்னாள், நான் சின்னப்பிள்ளை என்பதால்.

அதற்குப் பிறகு பாடம் வேறு பக்கம் திரும்பியது. காய்கறி, குடை எல்லாம் போய், துறைமுகத்துக்கு எந்த ரயில், எங்கே ஏறவேண்டும், கிள்ளானுக்கு அப்புறம் எத்தனை ஸ்டேஷன் என்று கேட்க ஆரம்பித்தாள். ஊருக்குத் திரும்பிப் போகிறவர்களையும் முகாமில் அடைப்பார்களா என்று ஒருநாள் கேட்டாள். "போறவங்கள எதுக்கு அடைக்கிறாங்க சித்தி? டிக்கெட் வாங்கினா ஏறிட வேண்டியதுதான்" என்று ஏதோ மாதம் ஒருமுறை போய்வருகிறவள்போல் சொன்னேன். என் அறிவுக்குக் கிடைத்த மரியாதை என்று எனக்கு உச்சி குளிர்ந்துபோயிருந்தது.

ஆடி பிறந்தது. கூட வேலைசெய்கிற ஒருவர் மறுநாள் கப்பலில் ஊருக்குப் போகிறார் என்று அப்பா சாப்பிடும்போது சொன்னார். மறுநாள் சித்தப்பா ஈப்போ ஊருக்குப் போகும் ரயிலில் வேலைக்குப் போயிருந்தார். அப்பா வேலையில். பக்கத்து வீட்டில் பிரசவம், அம்மா விடியற்காலையிலேயே அங்கே போய்விட்டாள். எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. சித்தி கூறைச் சேலையைக் கட்டிக்கொண்டு, எனக்கும் தலைவாரிப் பின்னிவிட்டு, "பாப்பா, கப்பல் பாக்கப் போவமா? வழி காட்டுறியா?" என்றாள். கையில் ஒரு மூட்டை. உள்ளே இரண்டு சேலையும் அந்தக் கோழிக் கிண்ணமும் இருந்தன. அவள் அம்மாவுக்கென்று வாங்கிய கிண்ணமாம்.

நானா வழி காட்டமாட்டேன்? ஸ்டேஷன் வரை முன்னால் நடந்தேன். சித்தியே டிக்கெட் வாங்கினாள், சித்தியே வண்டியைக் கேட்டு ஏறினாள். பத்து தீகா ஸ்டேஷன் வந்ததும் நான் பேர் சொல்வதற்குள் அவள் சொன்னாள். ரப்பர் மரங்கள் ஓடி மறைந்தன. கிள்ளான் ஆற்றுப் பாலத்தில் ரயில் தடதடத்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாணவி தேறிவிட்டாள் என்று எனக்குப் பெருமையான பெருமை.

துறைமுகத்தில் திருவிழாக் கூட்டம். பாயும் தகரப் பெட்டியும் பானையுமாக ஊருக்குப் போகிறவர்கள் குந்தியிருந்தார்கள். கப்பல் தள்ளி நின்றது, படகில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சித்தி யாரையும் வேடிக்கை பார்க்கவில்லை. நேரே டிக்கெட் கொடுக்கிற சன்னலுக்குப் போனாள். உள்ளே இருந்தவர் தமிழர்தான், மூக்குக்கண்ணாடி போட்டவர். அவள் அம்மா செலவுக்கென்று கொடுத்தனுப்பியிருந்த பணம் முந்தானை முடிச்சில் இருந்தது. முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, "நாகப்பட்டினத்துக்கு ஒன்னு" என்றாள்.

அப்போதுதான் அவள் ஊருக்குப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அதில் ஒரு தப்பும் எனக்குத் தோன்றவில்லை. ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போகிறாள், ஆவணிக்கு வந்துவிடுவாள். சொல்லாமல் கப்பலேறிய பெண்ணுக்குத் திரும்பிவர வழியிருக்குமா, வீடு ஏற்குமா என்பதெல்லாம் எட்டு வயதுக் கவர்னருக்கு எங்கே தெரியும்? எனக்கு என்ன வாங்கிவருவாள் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"எடம் இருக்கு. பிள்ளைக்கு அரை டிக்கெட்டு" என்றார் கண்ணாடிக்காரர்.

"பிள்ளை வரலீங்க."

அவர் எட்டி என்னைப் பார்த்தார். "அப்ப பிள்ளைய யாரும்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவா?"

எவ்வளவோ கேட்டுத் தெரிந்துகொண்ட சித்திக்கு இது ஒன்று தோன்றவே இல்லை. வழி காட்ட நான் வேண்டும் என்று யோசித்தவள், காட்டிய பிறகு நான் எப்படித் திரும்புவேன் என்று யோசிக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். சித்தி குனிந்து, "பாப்பா, நீ தனியா வீட்டுக்குப் போயிருவியா?" என்று கேட்டாள். தனியாக நான் தெருமுனைக் கடையைத் தாண்டியதில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்க முடியுமா? "ஓ, போயிருவேன்லா! இது என்னா பெரிய விசயம்?" என்றேன்.

"இவள ரயில் ஏத்திவிட்டு ஓடியாந்துர்றேன், எடம் வச்சிருங்கண்ணே" என்று சித்தி சன்னலுக்குள் சொன்னாள். கப்பல் யாருக்காகவும் நிற்காது, சீக்கிரம் வா என்று அவர் சொன்னது கேட்டது.

கோலாலம்பூர் வண்டி புறப்படத் தயாராக நின்றது. வாத்துக் கூடை வைத்திருந்த ஒரு சீனப் பாட்டியம்மாவின் பக்கத்தில் என்னை உட்காரவைத்து, சித்தி எதிரே குனிந்து நின்றாள். மூட்டை அவள் இடுப்பிலேயே இருந்தது. இப்போது அவள் எனக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்தாள். சன்னலுக்கு வெளியே கையை நீட்டாதே. யாராவது மிட்டாய் கொடுத்தால் வாங்காதே. கோலாலம்பூர் என்று நன்றாகக் கேட்டுக்கொண்டு இறங்கு. தண்டவாளத்தைக் கடக்காதே, பாலத்து வழியாகப் போ. வழி தெரியாவிட்டால் கிரித்தாப்பி என்று சொல். "சித்தி, அது நான் ஒனக்குச் சொன்னது" என்றேன். அவள் காதில் விழவில்லை. மழை வந்தால் ஒதுங்கி நில், நனைந்தால் உனக்குச் சளி பிடிக்கும். வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம்...

அங்கே நின்றுவிட்டாள். "அம்மாகிட்ட என்னா சொல்லணும்?" என்று கேட்டேன். அவள் மறுபடியும், "சன்னலுக்கு வெளிய கையை நீட்டாத பாப்பா" என்று முதலிலிருந்து தொடங்கினாள்.

விசில் ஊதினார்கள். "சித்தி, எறங்கு! எறங்கு!" என்று நான் அவளைத் தள்ளினேன். அவள் என் பின்னலை இழுத்து முடிந்துகொண்டே சொல்லிக்கொண்டிருந்தாள். தண்டவாளத்தைக் கடக்காதே, மிட்டாய் வாங்காதே. வண்டி நகர்ந்தது. வெளியே மேடை பின்னால் போனது. அப்புறம் சரக்குக் கிட்டங்கிகள் போயின, கப்பலின் புகைக்கூண்டும் போயிற்று. சித்தி மூட்டையோடு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

எனக்கு ஒரு குழந்தை பிறந்த பிறகுதான் அவள் இதைப் பற்றி வாய் திறந்தாள். "அவ்வளவு பெரிய கூட்டத்துல ஒரு பிள்ளைய வுட்டுட்டு வந்தேன்னு எங்கம்மாகிட்ட எப்படிடி சொல்லுவேன்?" என்றாள். லீவு கிடைத்துச் சித்தப்பாவும் அவளும் ஊருக்குப் போனபோது அந்த அம்மா உயிரோடு இல்லை.

அன்று ரயிலில் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. இத்தனை நாள் சொல்லிக்கொடுத்தும் வண்டி கிளம்பும்முன் இறங்கத் தெரியவில்லையே இவளுக்கு! கிள்ளான் தாண்டும்வரை திட்டினேன். பேச்சு சுவாரசியத்தில் கப்பலை விட்டாயே, அசடே என்றேன். சித்தி அழக்கூட இல்லை. என் கையை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். அதைப் பார்த்து, வழி தெரியாமல் பயப்படுகிறாளாக்கும் என்று எனக்கே இரக்கம் வந்துவிட்டது. கோபத்தை விட்டுவிட்டு அவள் தோளைத் தட்டி, "பயப்படாத சித்தி, நான் இருக்கேன்ல. நாம வீட்டுக்குத்தான போறோம்" என்றேன்.

அவ்வளவுதான். சித்தி ஓவென்று அழ ஆரம்பித்தாள். வாத்துக்காரச் சீனப் பாட்டியம்மா என்னை முறைத்தாள். அப்படி என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கு விளங்கவே இல்லை.