ஏரிக்கரையில் ஒரு வடம்

கார்த்திகைப் புயல். உத்திரமேரூருக்கு முன்னால் ஏரிக்கரை தொடங்கும் இடத்திலேயே பஸ் நின்றுவிடுகிறது. மேலே ஓட்டினால் காற்று வண்டியையே ஏரியில் தள்ளிவிடும் என்கிறார் டிரைவர். கரையை நடந்துதான் கடக்க வேண்டும்.

எங்களோடு ஒரு பட்டாளத்துக்காரர் இருக்கிறார். இந்த ஊர்ச் சேரியில் பிறந்தவர், பனிமலையிலிருந்து லீவில் வருகிறார். பக்கத்துக் கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கும் நீண்ட வடக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வருகிறார்.

"அல்லாரும் இத்தப் புடிச்சிக்கோங்க. அங்க பனிப்புயல் அடிச்சா, சோறு துன்னப் போறதுகூட கயித்தப் புடிச்சிக்கினுதான். கைய வுட்டவன பனி உருகனப்பறம்தான் பாப்போம்."

எல்லோரும் பிடிக்கிறோம். நிலக்காரர் ஒருவர் மட்டும் குடையோடு தள்ளி நிற்கிறார். "நீங்க போங்கடா. நான் பின்னால வரேன்."

"ஒர்த்தர் வெளிய நின்னாலும் நான் நவுர மாட்டேன், ஐயா. அங்க அதான் ரூல்."

நடுங்கிக்கொண்டு நிற்கிறோம். பட்டாளத்துக்காரர் அசையவில்லை. காற்று குடையைப் பிடுங்கி ஏரியில் வீசுகிறது. அதன் பிறகுதான் நிலக்காரர் வந்து வடத்தின் நுனியைப் பிடிக்கிறார். அவருக்கு முன்னால் சேரியைச் சேர்ந்த நடவுக்காரப் பெண். இருவருக்கும் நடுவே நாலு முழம் வடத்தை விட்டுத்தான் நிற்கிறார்.

நடக்கிறோம். ஒவ்வோர் அடிக்கும் காற்று எங்களைத் தண்ணீர்ப் பக்கம் தள்ளுகிறது. பட்டாளத்துக்காரர் திரும்பாமல் இழுத்துக்கொண்டு போகிறார்.

கரை இறங்கியதும் திரும்பிப் பார்க்கிறேன். நிலக்காரர் வடத்தைப் பிடித்திருக்கவில்லை. அந்தப் பெண்ணின் மணிக்கட்டை இறுகப் பற்றியிருக்கிறார்.

"ஊரு வந்துட்சி சாமி, கைய வுடுங்க," என்கிறாள் அவள் மெதுவாக. "யாராச்சும் பாத்துடப் போறாங்க."