அழாத தொட்டில்கள்

ஆனைக்குட்டம் பக்கத்துத் தீப்பெட்டிக் கம்பெனியில், வேலைக்கு வரும் பெண்களின் கைக்குழந்தைகளை ஓர் அம்மாள் பார்த்துக்கொண்டார். நாற்பது வயதிருக்கும், ஒடிசலான உடம்பு. வேப்பமரக் கிளைகளில் கட்டிய சேலைத் தொட்டில்களுக்கு இடையே நடந்தபடி, ஒவ்வொரு குழந்தையின் மூக்கருகிலும் புறங்கையை வைத்துப் பார்ப்பார். மூச்சுப் பட்டதும் அடுத்த தொட்டிலுக்குப் போவார்.

நான் பஞ்சாயத்து யூனியனிலிருந்து பால் பவுடர் கொண்டுபோயிருந்தேன். நண்பகலில்கூட ஒரு குழந்தையும் விழித்திருக்கவில்லை. கரைத்த பாலை ஒரு குழந்தைக்குப் புகட்டிப் பார்த்தேன். அது கடைவாய் வழியே வழிந்துவிட்டது.

“என்னம்மா குடுத்தீக?”

“கசகசாத் தோல் ஊறுன தண்ணிதான்யா. காலையில ஆளுக்கு ஒரு சங்கு.”

“பிள்ளைகளுக்கு அந்த அபின் மயக்கம் ஆகாதும்மா. நிப்பாட்டுங்க.”

“போன மாசம் நிப்பாட்டுனேன்யா. ஒண்ணு வீல்னு அழுதுச்சு. ஆத்தாக்காரி குச்சி அடுக்குறதைப் போட்டுட்டு ஓடியாந்தா. மறுநா அவளை வேலைக்கு வரவேண்டாம்னுட்டாக. வீட்டுல இருந்துக்கிட்டு அவ பிள்ளைக்கு எதைக் குடுப்பா? நீங்க சொல்லுங்க.”

நான் பவுடர் டின்னை மூடினேன்.

மாலை மணி அடித்ததும் தாய்மார் வந்தார்கள். நான் பால் புகட்டிய குழந்தையை ஒருத்தி தூக்கித் தோளில் போட்டாள். அதற்குத் தலை நிற்கவில்லை.

“ஒண்ணரை வயசாச்சுய்யா. எம் மகனுக்கு அழவே தெரியாது, அம்புட்டுச் சமத்து” என்று என்னிடம் பெருமையாகச் சொன்னாள்.

“ஆமாத்தா, சமத்துதான்” என்றார் அந்த அம்மாள், தொட்டிலை அவிழ்த்தபடியே. நான் கிளம்பும்வரை அவர் என் பக்கம் திரும்பவில்லை.