மேட்டு ஸ்லாட்டும் ராணி ஜோடியும்

எங்கள் அபார்ட்மென்ட்டில் ஒரு கார் பார்க்கிங்குக்காகப் போக்கர் டோர்னமென்ட் நடந்தது. சிரிக்காதீர்கள்... முழுக்கப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

நான் வானகரத்துவாசி என்பது உங்களில் பலருக்குத் தெரியும். தெருவில் ரோடு மேல் ரோடாகப் போட்டு, இப்போது ரோடு மேலே, எங்கள் பார்க்கிங் கீழே. நாலு நாள் சேர்ந்தாற்போல் மழை பெய்தால் காருக்குள் தண்ணீர் வந்துவிடும். ஒரே ஒரு ஸ்லாட் மட்டும் விதிவிலக்கு. ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் கான்கிரீட் மேடை மேல் இருக்கிறது. அதன் சொந்தக்காரர் காரை விற்றுவிட்டு மகனோடு வெளியூர் போய்விட்டார். "மழை முடியும்வரை யாராவது நிறுத்திக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

யாராவது என்றால் யார்?

குலுக்கல் போட்டோம். அசோசியேஷன் செயலாளரின் மச்சான் பெயர் வந்தது. கூச்சல். மறுபடி குலுக்கினோம். மறுபடியும் மச்சான்! அப்போதுதான் மூன்றாவது மாடி கார்த்திக் — அம்பத்தூரில் ஐ.டி. வேலை — "போக்கர் ஆடலாம் சார். காசு கிடையாது. எல்லாருக்கும் சமமா பிளாஸ்டிக் வில்லை. கடைசிவரைக்கும் யார் நிக்கறாங்களோ அவங்களுக்கு ஸ்லாட்" என்றான். ஆளாளுக்குச் சண்டை போட்டுக் களைத்திருந்தோம். சரி என்றுவிட்டோம்.

எனக்கு அந்த ஸ்லாட் வேண்டும் என்பதில் விளையாட்டே இல்லை. மகள் நித்யா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். டாக்டர் சொன்ன தேதி சரியாக அடைமழைச் சமயம். ஆஸ்பத்திரி பூந்தமல்லியில். போன மழையில் முங்கிய என் கார் வாரக்கணக்கில் ஷெட்டில் கிடந்ததை வசந்தி மறக்கவில்லை. மனைவிகள் எதைத்தான் மறக்கிறார்கள்?

"ஸ்லாட்டோட வாங்க. இல்லன்னா அங்கேயே இருந்துக்கோங்க" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மொட்டை மாடி ஹாலில் ஆட்டம். ஆரம்பத்திலேயே இரண்டு கை எனக்கு அடித்தது. மளமளவென்று என் முன்னால் வில்லைகள் கோபுரமாக எழும்பின. அதுவரை ஜாலியாகத்தான் ஆடிக்கொண்டிருந்தேன். கோபுரம் வந்ததும் ஜாலி போய்விட்டது. அதன் மேல் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். டீ குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

எனக்கு அடுத்தபடி நிறைய வைத்திருந்தவர் இரண்டாவது மாடி டில்லிபாபு. அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். என்னை "அண்ணாத்தே" என்பார்.

இடைவேளையில் கார்த்திக் என் காதில் ஓதினான். "சார், கம்மியா வச்சிருக்கறவங்களோட மோதுங்க. தோத்தாலும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. டில்லி அண்ணனோட மட்டும் வேணாம். உங்களைக் காலி பண்ற அளவுக்கு வில்லை அவர்கிட்டதான் இருக்கு."

நல்ல புத்திமதி. ஆனால் சீட்டுக்கு அது தெரியுமா?

ஆளுக்கு இரண்டு சீட்டு. அடுத்த கையில் எனக்கு இரண்டும் ராணி. போக்கரில் ராணி ஜோடி என்பது லேசுப்பட்டதல்ல. அதற்கு மேல் ராஜா ஜோடியும் ஏஸ் ஜோடியும்தான். சந்தோஷத்தை மறைத்துக்கொண்டு நிமிர்ந்தால், டில்லி தன்னிடமிருந்த மொத்த வில்லைகளையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளிவிட்டார்! இதற்கு ஆல்-இன் என்று பெயர். நான் ஒத்துக்கொண்டு ஜெயித்தால் ஸ்லாட் கிட்டத்தட்ட என் கையில். தோற்றால் என்னிடம் சில்லறைதான் மிஞ்சும்.

யோசித்தேன். ராஜா ஜோடி வைத்திருப்பாரோ? ஏஸோ? நித்யாவின் வயிறு கண் முன்னால் வந்தது. வசந்தியின் முகமும் வந்தது.

"இன்னா அண்ணாத்தே, பொண்ணுக்கு மாப்ள பாக்கற மாரி யோசிச்சிகினு கீறீங்க?" என்றார் டில்லி.

இந்தக் கை வேண்டாமென்று ராணிகளைக் கவிழ்த்துப் போட்டுவிட்டேன். டில்லி சிரித்தபடி தன் சீட்டுகளையும் அப்படியே கவிழ்த்துச் சீட்டுக்கட்டுக்குள் சொருகிவிட்டார். என்ன வைத்திருந்தார் என்று காட்டவில்லை. ஏதோ பெரிய ஆபத்திலிருந்து தப்பித்ததாக எனக்கு ஒரே நிம்மதி.

இந்த நிம்மதியைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் மாப்பிள்ளை வெளிநாட்டிலிருந்து எனக்கு ஒரு அருமையான குடை வாங்கி வந்தார். பட்டனைத் தட்டினால் பூவாக விரியும். அதைத் தொலைத்துவிடுவேனோ என்று பயந்து மழையில் எடுத்துப்போவதே இல்லை. நனைந்துகொண்டு போகிறேன். குடை பீரோவில் பத்திரமாக இருக்கிறது. நம்மில் பாதிப் பேர் வேலையை, சேமிப்பை, சம்பாதித்த பேரை இப்படித்தானே வைத்திருக்கிறோம்? கொஞ்சமாக இருக்கும்போது துணிந்து இறங்குகிறோம். நிறையச் சேர்ந்ததும் அதற்கு வாட்ச்மேன் ஆகிவிடுகிறோம்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போக, கடைசியில் நானும் டில்லியும். நான் பதுங்கிக்கொண்டே இருந்தேன். அவர் அடித்துக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் எனக்கு இரண்டு ராஜா வந்தது. என்னாலேயே கவிழ்க்க முடியாத கை! அவருடைய ஆல்-இன்னுக்கு ஒத்துக்கொண்டேன். அவரிடம் இருந்தது ஒரு ஒன்பதும் ஒரு நாலும். ஸ்லாட் எனக்கு.

"போனா போவுது அண்ணாத்தே... நமக்கு மேம்பாலம் கீது" என்று கையைக் குலுக்கிவிட்டுப் போனார் டில்லி.

போன வாரம் மழை வந்தது. டி.வி.யில் எச்சரிக்கை சொன்னதுமே டில்லியும் மற்றவர்களும் கார்களைக் கொண்டுபோய் மதுரவாயல் பைபாஸ் மேம்பாலத்தில் ஓரங்கட்டிவிட்டார்கள். நான் மேடை மேல் ஏற்றி நிறுத்தி, கவரும் போட்டு, பால்கனியிலிருந்து பார்த்து ரசித்தேன்.

மூன்றாம் நாள் காலை. பார்க்கிங்கில் இடுப்பளவு தண்ணீர். நடுவில் தீவு மாதிரி மேடை. அதன் மேல் என் கார்... ஒரு சொட்டு ஈரம் படாமல்! நித்யாவுக்கு அப்போதுதான் வலி எடுத்தது.

சாவியோடு இறங்கி ஓடினேன். கடைசிப் படியில் நின்றுவிட்டேன். கார் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் மேடையிலிருந்து கேட் வரைக்கும் தண்ணீர். அதை எப்படி வெளியே எடுப்பது? ஸ்லாட்டுக்காக ஒரு ஞாயிறு முழுக்க மூளையைக் கசக்கிய எனக்கு இது மட்டும் தோன்றவே இல்லை.

வசந்தி என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஆம்புலன்ஸுக்குப் போட்ட போன் கிடைக்கவில்லை. டில்லிக்குப் போட்டேன். "இருங்க, வண்டிய இட்டாரேன்" என்றார். அவர் தண்ணீரில் மேம்பாலம்வரை நடந்துபோய்க் காரைத் தெருமுனைக்குக் கொண்டுவந்தார். நானும் கார்த்திக்கும் நித்யாவை ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். அவள் ஒரு கையால் என் சட்டைக் காலரைப் பிடித்திருந்தாள். வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை நான்.

மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டில்லியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எப்படி நன்றி சொல்வதென்று தெரியாமல், மனதில் உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"டில்லி, அன்னிக்கு நான் ராணி ஜோடியக் கவுத்தேன் இல்ல... நீங்க என்னதான் வச்சிருந்தீங்க?"

"எனக்கு இன்னா தெரியும் அண்ணாத்தே? நா கார்ட எங்க பாத்தேன்? உங்க மூஞ்சியத்தான பாத்துகினு இருந்தேன்!"

அந்த நேரம் பார்த்து வசந்தி துணியில் சுற்றிய பேத்தியோடு வெளியே வந்தாள்.

"பாருங்களேன்... அச்சு அசலா உங்க மூஞ்சி" என்றாள்.

பாவம், குழந்தை!